டிசைனரில் திறக்காத பக்கம்

"அது உங்க பக்கம். நீங்களே பாருங்க," என்றான் தேஜஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சௌம்யா தன் இடத்துக்குத் திரும்பினாள்.

ஏழு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் மறுபடி வேலைக்கு வந்தவள். ஆறு மாத புரொபேஷன் இன்றோடு முடிகிறது. டீம் லீட் தேஜஸ் அவளைவிட ஒன்பது வயது சின்னவன்.

ஒரு கிளினிக்குக்காக அவள் செய்த அப்பாயின்ட்மென்ட் பக்கம் அது. பிரௌசரில் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் பெட்டிகளையும் பட்டன்களையும் மவுஸால் இழுத்து வைக்கிற டிசைனரில் திறந்தால், பக்கம் வருவதில்லை. சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான் வருகிறது.

ஐந்து மணிக்கு கிளினிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல டிசைனரில் மாற்றிக் காட்ட வேண்டும்.

சௌம்யா மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். பழைய தற்காலிக ஃபைல்களை அழித்தாள். பக்கத்து சீட் ஆஷ்லியின் மெஷினில் திறந்து பார்த்தாள். அங்கேயும் சிவப்பு.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி தேஜஸிடம் போனாள்.

"ஆச்சா?" என்றான்.

"இல்ல. எங்க தேடறதுன்னாவது சொன்னா..."

"எனக்கு வேற வேலை இருக்கு சௌம்யா."

ஆஷ்லிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"லீட்னு எதுக்கு இருக்காரு? ரெண்டு நிமிஷம் வந்து பார்த்தா என்னவாம்?"

"என்னை அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டார் போல," என்றாள் சௌம்யா. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

இரண்டரைக்கு, பக்கத்தை ஒரு நகல் எடுத்து, அதில் பாதிப் பெட்டிகளை எடுத்துவிட்டாள். டிசைனரில் திறந்தது. அப்படியானால் கோளாறு எடுத்த பாதியில்தான். அதில் பாதியைத் திரும்ப வைத்தாள். பிறகு அதிலும் பாதி. கடைசியில் மிஞ்சியது, தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டி.

அந்தப் பெட்டி, திறந்தவுடனே விடுமுறை நாள் பட்டியலை சர்வரிடம் கேட்கிறது. டிசைனரில் சர்வர் ஏது? பதில் கிடைக்காமல் அது விழ, மொத்தப் பக்கமும் கூடவே விழுகிறது.

டிசைனரில் இருந்தால் பட்டியல் கேட்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தாள். பக்கம் வந்தது.

மணி நாலேகால்.

மேனேஜர் ஸ்ரீகண்டன் வந்து பார்த்தார்.

"இதை யாரு சரி பண்ணினது?"

"சௌம்யா," என்றான் தேஜஸ்.

"நீ கூட உட்கார்ந்து காட்டிக் கொடுத்தியா? அவங்களால தனியா முடியுமான்னுதான் எனக்குத் தெரியணும்."

தேஜஸ் பதில் சொல்வதற்குள் ஆஷ்லி முந்திக்கொண்டாள். "காலையிலேர்ந்து ஒரு வார்த்தை கூட சொல்லிக் கொடுக்கல சார். அக்கா ரெண்டு தடவை போய்க் கேட்டாங்க. திருப்பி அனுப்பிட்டாரு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஸ்ரீகண்டன் தேஜஸைப் பார்த்தார். அவன் மறுக்கவில்லை.

"சரி," என்றவர் சௌம்யா பக்கம் திரும்பினார். "போறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வாங்க. உங்க கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

நாலே முக்காலுக்கு, மீட்டிங் அறையைத் தயார் செய்துகொண்டிருந்த தேஜஸ், கிளினிக்கின் லோகோவைத் தன் மெஷினிலிருந்து எடுத்து வரச் சொன்னான். ஆஷ்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

லோகோவுக்குப் பக்கத்திலேயே அந்த அப்பாயின்ட்மென்ட் பக்கத்தின் ஒரு நகல். திறந்தாள். தேதிப் பெட்டியில் அதே வரி. சேமித்த நேரம், காலை பத்து நாற்பது.

நேராக மீட்டிங் அறைக்குப் போனாள்.

"தேஜஸ், உங்க மெஷின்ல அந்த ஃபைல்..."

அவன் நாற்காலியைச் சரியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அஞ்சு மணிக்குள்ள சௌம்யாவுக்கு வரலைன்னா போடலாம்னு வெச்சிருந்தேன். இனிமே வேண்டாம். அவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி அழிச்சுடுங்க."