பாய்லருக்குள் இருந்த ஈயம்

மச்சான் தன் வீட்டு மேசை விளக்கைக் கையில் தூக்கி என் பித்தளைப் பொம்மை ரயில் இஞ்சினுக்கு நேரே பிடிக்கிறான். பச்சைப் பெயின்டைச் சுரண்டிய இடமெல்லாம் மஞ்சளாக மினுங்குகிறது. விசில் சத்தத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வைக்கலாமென்று பாய்லரின் முன்மூடியைக் கழற்றுகிறேன். உள்ளே வெறும் இருட்டு. சக்கரம் வழுக்காமலிருக்க எடைக்காக நானே உருக்கி ஊற்றி வைத்த ஈயக்கட்டியைக் காணோம். அதைப் பிடித்திருந்த திருகு மட்டும் பத்திரமாக முடுக்கியபடி இருக்கிறது. பொம்மை ரயில் போட்டிக்கு முந்தின வாரம் இந்தப் பெயின்டை ஆசையாக அடித்துக் கொடுத்தவன் மச்சான்தான். போட்டியன்றைக்கு ஏற்றத்தில் என் இஞ்சின் வழுக்கி வழுக்கி நின்றது, அவனுடையது ஜெயித்தது. "மோட்டார் சரியில்ல மச்சான்," என்று தோளைத் தட்டினான். நானும் மடையன் மாதிரி மோட்டார் மோட்டாராக மாற்றிக்கொண்டிருக்கிறேன். "என்ன, உள்ள களிம்பு பிடிச்சிருக்கா?" என்று குனிகிறான். குரலில் தேன் ஒழுகுகிறது. கையை நீட்டி, அலமாரியில் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கும் அவன் இஞ்சினை எடுக்கிறேன். அளவுக்கு மீறிக் கனக்கிறது. லேசாகச் சாய்க்கிறேன், அதன் பாய்லருக்குள் ஏதோ 'லொட்' என்று இடிக்கிறது. "அத எதுக்கு எடுக்குற? கீழ வை மச்சான்." விளக்கைச் சட்டென்று வேறு பக்கம் திருப்புகிறான்.