மூன்றாம் மாடிப் பாட்டுக்காரி

"பாட்டுக்காரி விஷயத்துக்கு வாங்கய்யா, இருட்டப் போவுது" என்றார் வாட்ச் ரிப்பேர்க்காரர்.

மொட்டை மாடியில் குடியிருப்போர் கூட்டம். மூன்றாம் மாடிப் பெண் இனிமேல் பாடலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு. பகலெல்லாம் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். வீடு திரும்பியதும் பாடுவாள். கூட்டம் நடப்பதே அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் மாடி மாணவி விருட்டென்று எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் எல்லோருக்கும் அவள் வக்கீலம்மா.

"அது என்ன அங்கிள், பாட்டுக்காரி?"

"பாட்டுப் பாடுது. வேற எப்படிம்மா சொல்ல?"

"பாடகின்னு சொல்லுங்க! உங்களை ரிப்பேர்க்காரன்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"தெருவே அப்படித்தாம்மா கூப்பிடுது!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க! 'காரி'ன்னா ஒரு காலத்துல அதைச் செய்யறவ, அவ்வளவுதான். சண்டைக்காரி, வாய்க்காரி, திமிர்க்காரின்னு பொம்பளைங்களைத் திட்டித் திட்டியே அந்தக் 'காரி'ங்கற வாலுக்குக் கொடுக்கு முளைச்சிடுச்சு. இப்ப பாட்டோட ஒட்டினாலும் கொட்டுது. 'வீட்டுக்காரர்'னு சொல்றப்ப மட்டும் மரியாதை வழியுது!"

"அப்படிப் போடு!" பெண்கள் பக்கம் கைதட்டல்.

வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழேயிருந்து பாட்டு ஏறி வந்தது. கொடியில் மறந்துபோன புடவையைத் தொட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மங்கும் வெளிச்சத்தோடு எங்கோ மிதந்து போனது.

சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, பாடகின்னே வச்சுக்குவோம். டிவி கேக்கலை, படிக்க முடியலைன்னு ஏகப்பட்ட புகார். இனிமே பாடக் கூடாதுங்கறவங்க கை தூக்குங்க."

வரிசையாகக் கைகள் உயர்ந்தன. ஒரு கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"என்ன வாட்ச்சுக்காரரே, தூங்கிட்டீங்களா?"

"நாள் பூரா டிக் டிக்குனு கேட்டுக் கேட்டு மண்டைக்குள்ள அதே ஓடுதுய்யா. பாட்டுக்காரி பாடினாத்தான் எனக்குப் பொழுதே சாயுது. பாடிட்டுப் போவட்டுமே!"

"நீங்க ஒருத்தர்தானே? தீர்மானம் முடிஞ்சுது. நாளைக்கே நோட்டீஸ் ஒட்டிடறேன்."

கீழே பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை.

தூக்கிய கையை இறக்காமலே வக்கீலம்மா சொன்னாள்:

"எனக்கும் எக்ஸாம் வருது அங்கிள், சீக்கிரம் ஒட்டுங்க. ஆனா மறக்காம 'பாடகி'ன்னே போடணும்!"