முப்பது பேருக்குக் களிம்பு

களிம்பு பூசினால் ஆறிவிடுகிற சொறி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று எபநேசருக்குப் புரியவில்லை. தை மாதம் விடுதலை. வீட்டில் அவன் இன்னும் தூக்கிப் பார்க்காத கைக்குழந்தை இருந்தது.

சிறை மருத்துவர் விளக்கினார். "நெருக்கிப் படுக்கிறீங்கல்ல, அரிப்பே வராதவன் மேலயும் பூச்சி இருக்கும்பா. ரூம்ல எல்லாரும் ஒரே நாள்ல பூசணும்."

"அப்ப எல்லாருக்கும் குடுங்கய்யா."

"புண்ணு இல்லாதவனுக்கு எழுத முடியாதுப்பா."

பத்துப் பேருக்கான அறையில் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் நால்வருக்குப் புண் இல்லை. மாலை அறை பூட்டியதும், அந்த நால்வரில் மூத்தவரான துரைக்கண்ணுவின் கையை எபநேசர் மடியில் வைத்து, மருத்துவர் பார்க்கும் விரலிடுக்கில் நகத்தால் மெல்லக் கீறினான்.

"மருதாணியா வைக்கிற? அழுத்துடா மாப்ள" என்றார் அவர்.

நால்வருக்கும் ரத்தம் கசிந்தது. மறுநாள் முப்பது பேருக்கும் களிம்பு கிடைத்தது.