ஏலமலைக் கூப்பாடு

"மேடையில வந்து நின்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்க்கா. ரெண்டு நிமிஷ சோலி. முடிஞ்சதும் கார்லயே கொண்டாந்து வீட்டுல விட்டுடுறேன்."

அன்னக்கொடி சுளகில் பரப்பியிருந்த காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போடியில் அந்த ஏலக்காய்க் கிட்டங்கிக்குள் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சைக் காயைத் தனியாகவும் வெளுத்த காயைத் தனியாகவும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முபின் அவள் எதிரில் ஒரு மணி நேரமாகக் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். கால் மரத்துப்போய்விட்டது. அவள் இன்னும் சரி என்றபாடில்லை.

எழுந்து போகவும் முடியாது. பாடகன் ஜெகதீஷின் 'ஏலமலை' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்தவன் இந்த முபின்தான். ஆல்பம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பதினாலு நாடு, முப்பது ஊர் என்று கச்சேரி நடத்திவிட்டு, கடைசிக் கச்சேரிக்குச் சென்னை வந்திருக்கிறார்கள். நாளை மறுநாள் நிகழ்ச்சி. பாட்டு ஆரம்பத்தில் வருகிற குரலுக்குச் சொந்தக்காரியை மேடையில் கொண்டுவந்து நிறுத்து, முடியாதென்றால் அடுத்த ஆல்பத்துக்கு நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜெகதீஷ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான். வீட்டில் மனைவி ருக்கையாவுக்கு இது ஏழாம் மாதம். வேலை போனால் முபின் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

அந்தக் குரல் கிடைத்ததே ஒரு அதிர்ஷ்டம் என்று முபின் எல்லோரிடமும் சொல்லுவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஓரமாக மைக்கை வைத்து மழையையும் பறவையையும் பதிவு செய்துகொண்டிருந்தான். சாயந்திர நேரம். திடீரென்று மேலேயிருந்து, "ஊஊ... ஓஓய்..." என்று ஒரு பெண் குரல் மலையையே இழுத்துக்கொண்டு வந்தது.

கூட வந்த சென்னைக்காரர் பதறிப்போய்விட்டார். யாரோ அலறுகிறார்கள், போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பியேவிட்டார். முபினுக்குச் சிரிப்பு. போடியில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? ஏலச்செடி ஆளை மறைக்கும்; பத்தடி தள்ளி நிற்கிறவளைக் கண்ணில் பார்க்க முடியாது. வேலை முடிந்து ஊருக்கு ஜீப்பு கிளம்புகிற நேரத்தில் காய் எடுக்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இப்படித்தான் கூவி அழைப்பார்கள். தினமும் நடக்கிற கூத்து இது, பேசாம இருங்க சார் என்று அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, இருபது நிமிஷம் ஆசை தீரப் பதிவு செய்தான்.

அந்தக் குரல் யாருடையது என்பதை ஜீப்பு டிரைவர் சுருளிதான் பாட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துச் சொன்னார். அப்படி இழுத்துக் கூப்பிடுகிற தொண்டை அந்த மலையிலேயே அன்னக்கொடி ஒருத்திக்குத்தானாம்.

பேசிப் பார்த்து ஓய்ந்தபிறகு, முபின் செல்போனை அவள் முன்னால் நீட்டினான். லண்டன் கச்சேரி. அந்தக் குரல் எழுந்ததும் மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் கையைத் தூக்கி, "ஓஓய்" என்று திருப்பிக் கூவினார்கள்.

அன்னக்கொடியின் கை சுளகில் அப்படியே நின்றது.

"எல்லாரும் பதில் குடுக்காங்களே தம்பி," என்றாள்.

"உலகமே உங்களுக்குப் பதில் குடுக்குதுக்கா," என்றான் முபின், அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டு.

இதைப் பதிவு செய்த அன்றைக்கு நீ எங்கே நின்றாய் என்று அவள் கேட்டாள். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், பள்ளத்தை ஒட்டி என்று அவன் சொன்னான். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அது ஜீப்புக்குக் கூப்பிட்டது இல்ல தம்பி. எம் மக ஜோதியைக் காணோம்னு தேடிக் கூப்பிட்டது."

முபின் செல்போனை அணைத்தான். அவள் அழவில்லை. கீழே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். ஜோதிக்குப் பத்தொன்பது வயசு. மழையில் சறுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்துவிட்டாள். மறுநாள் காலையில்தான் தூக்கினார்கள். விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அன்னக்கொடி மலை ஏறவில்லை.

"நானும் அப்படித்தான் மனசத் தேத்திக்கிட்டேன். உசுரு இருந்திருந்தா ஆத்தா கூப்பிட்டதுக்குப் பதில் குடுத்திருப்பால்ல? அந்த ஒண்ண நெனச்சுத்தான் இன்னைக்கி வரைக்கும் சோறு எறங்குது."

மேடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், எழுந்து ஓடிவிடலாம் என்று முபினுக்கு இருந்தது. அதற்குள் அவளே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வர்றேன் தம்பி. நீ சொல்ற எடத்துல நிக்கிறேன், கூப்பிடுறேன். ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லு. மேல நின்ன எனக்கு மழையில ஒண்ணும் காதுல விழல. நீ பள்ளத்துக்குக் கிட்ட நின்ன. மிசினு வேற வச்சிருந்த. எம் மக பதில் குடுத்தாளா?"

"இல்லக்கா," என்றான் முபின். "மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் வெரசாக வந்து கூட்டிப்போ என்றாள்.

அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் பின்னால் பள்ளத்துக்குள்ளிருந்து மெலிசாகக் கேட்ட இன்னொரு "ஓய்"யை, பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று, பதினோரு இடத்தில் தேடித் தேடி அழித்தவன் அவன்தான்.