பத்தொன்பதாவது ஆள்

நினைவு திரும்பாத லூர்துவின் மூச்சு இயந்திரத்தை நாற்பத்தோராம் நாள் நிறுத்த வேண்டும் என்பது மருத்துவமனை விதி. இதுவரை கண்விழித்த இருபது பேர் விழிக்க எடுத்த நாட்களைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, தொண்ணூறு சதவீதம் நிறைகிற பதினெட்டாவது ஆளின் நாளான நாற்பத்தொன்றை எல்லையாக வைத்திருந்தார்கள்.

"மிச்ச ரெண்டு பேரும் முழிச்சாங்கல்ல சிஸ்டர்?" என்று லூர்துவின் மனைவி ரெஜினா கேட்டாள்.

"ஒருத்தர் எழுபதாம் நாள், ஒருத்தர் நூறாம் நாள். அது இந்த விதி வர்றதுக்கு முன்னாடி, அக்கா" என்றாள் செவிலி வான்மதி.

ரெஜினா கணவனை வீட்டுக்குக் கொண்டுபோனாள். உறவினர் எட்டுப் பேர் முறைவைத்து, காற்றுப் பையைக் கையால் அமுக்கி அவனுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அறுபதாம் நாள் லூர்து கண் திறந்தான். பேச்சு மட்டும் வரவில்லை.

மறுநாளே அவள் மருத்துவமனைக்கு வந்தாள்.

"இவரையும் பட்டியல்ல எழுதுங்க சிஸ்டர்."

வான்மதி எழுதினாள். இப்போது இருபத்தொரு பேர். தொண்ணூறு சதவீதத்துக்குப் பதினெட்டுப் பேர் போதவில்லை. பத்தொன்பதாவது ஆள் வேண்டும். அது லூர்து, அறுபதாம் நாள் விழித்தவன்.

ஏழாம் படுக்கையில் நினைவின்றிக் கிடந்த பெண்ணுக்கு அன்று நாற்பத்தோராம் நாள். அவள் தாய் கதவருகே நின்றிருந்தாள். வான்மதி அவளிடம் போனாள்.

"அம்மா, உங்க மகளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு."