தாழ்ப்பாள் படம்

கேட்டைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். படம் எடுத்தேன். அனுப்பினேன். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

மார்லா மனசுக்குள் இதை ஜெபம்போலச் சொல்லிக்கொண்டிருந்தபோது டுவேன் ஆபீஸ் மேசையை ஓங்கித் தட்டினான்.

"நாய் என்ன காத்துல கரைஞ்சா போச்சு? வேலை முடிஞ்சு வந்து பார்க்கறேன், கொல்லையில டியூக்கைக் காணோம். இன்னைக்கு உள்ள போன ஒரே ஆள் இவதான். கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கா. முதல்ல இவளை வேலையை விட்டு அனுப்புங்க!"

நோரீன் அசையவில்லை. ஊரில் பாதி வீடுகளின் கொல்லையில் நாய்ப்பீ அள்ளும் கம்பெனியை நடத்துகிறவள். கத்துகிற வாடிக்கையாளர்கள் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் கேட்டைத் திறந்து போட்டவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவாள் என்பது மார்லாவுக்கும் தெரியும்.

"கத்தாதீங்க டுவேன். எங்க ஆளுங்க எந்தக் கொல்லையை விட்டு வெளிய வந்தாலும் கேட்டைச் சாத்தி, படம் எடுத்து அனுப்பிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாங்க. உங்க போனுக்கும் வந்திருக்கும். பாருங்க."

டுவேன் பார்த்தான். ஆளுயரப் பலகைக் கேட். இறங்கியிருந்த தாழ்ப்பாள். பலகைமேல் மார்லாவின் நிழல். விரலால் இழுத்துத் தாழ்ப்பாளைப் பெரிதாக்கினான். மறுபடி பெரிதாக்கினான்.

"கேட்தான் தெரியுது. நாய் எங்க?"

"நாங்க கேட்டைத்தான் எடுப்போம். உங்க நாய்க்குக் கல்யாண ஆல்பமா போடறோம்?"

மார்லா சிரிக்கவில்லை. அரைக்கை பனியனோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்டோபர் முடியப்போகிறது. ஹாலோவீனுக்காக வாசலில் வைத்த பூசணிக்காயின் செதுக்கிய பற்கள் நேற்றைய உறைபனியில் கருத்திருந்தன.

"ஜாக்கெட் எங்க கண்ணு? நடுங்கறியே," என்றாள் நோரீன்.

"வண்டியில இருக்கு."

டுவேன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அவன் கண்கள் வேறெங்கோ போயின.

"அப்போ லைல்தான். பக்கத்து வீட்டுக் கிழவன். நாத்தம் தாங்கலன்னு நகராட்சிக்கு மனு போட்டு, உங்களைக் கூப்பிட வச்சவனே அவன்தானே? எப்பப் பாரு, வேலிக்கு மேல தலையை நீட்டிட்டு நிப்பான். ஏம்மா, இன்னைக்கும் நின்னானா?"

"இலை வாரிட்டிருந்தாரு."

"பார்த்தீங்களா! இதைப் போலீஸ்ல சொல்லு. கேட்டுப் பக்கம் வந்தான்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லு. உன் மேலயும் பழி வராது, எனக்கும் வேலை சுலபம்."

ஒரே ஒரு வார்த்தை. சந்தேகம் உட்கார இடம் தேடி அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும், லைல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடும். இந்த வேலை நிலைக்கும். இன்று இரவு நிம்மதியாகத் தூங்கலாம். இது இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கேட்டுப் பக்கம் அவர் வரல," என்றாள். "என்னைப் பார்த்தாரு. அப்புறம் முதுகைத் திருப்பிட்டு இலை வாரினாரு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

"உபகாரத்துக்கு ஆகாத ஜென்மம்!" டுவேன் தொப்பியை மாட்டிக்கொண்டான். "அந்த நாயும் அப்படித்தான். எவனோ தூக்கிட்டுப் போறான், ஒரு தடவை குரைச்சிருக்க வேணாமா?"

"அவன் குரைச்சு நான் கேட்டதே இல்லை," என்றாள் மார்லா.

டுவேன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். அவன் காரின் சிவப்பு விளக்குகள் தெருமுனையில் திரும்பும்வரை மார்லா ஜன்னலை விட்டு நகரவில்லை.

"போகட்டும் விடு," என்றாள் நோரீன். "போன வாரம் அவன் கொல்லையில உன் வாளிக்கு என்ன கிடைச்சதுன்னு சொன்னே?"

"பீயில மரச்சிராய். அட்டைத் துண்டு. கொஞ்சம் கயிறு."

"பசியில கண்டதையும் முழுங்கியிருக்கு. பட்டினி போடறான்னு நாமதான் புகார் கொடுத்தோமே, யாரும் வரலையா?"

"வந்தாங்க. கிண்ணத்துல தண்ணி இருக்கு, மேல கூரை இருக்கு, சட்டப்படி சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

நோரீன் பெருமூச்சு விட்டாள். கம்ப்யூட்டரை அணைத்து, கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்கயோ ஒரு நல்ல இடத்துல போய்ச் சேர்ந்திருந்தா சரி. வா, கிளம்பலாம். என் கார் இன்னும் மெக்கானிக்கிட்டதான் கிடக்கு. நேத்து மாதிரி என்னை வீட்டுல விட்டுடு. வண்டி எங்க, வாசல்ல காணோமே?"

"பின்பக்கம் நிறுத்தியிருக்கேன்."

சாவி மார்லாவின் உள்ளங்கையில் அழுந்தியது. நோரீனிடம் அவள் இதுவரை எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை.

"இன்னைக்கு முடியாது, நோரீன்," என்றாள் மெதுவாக. "முன் சீட்ல ஒருத்தன் என் ஜாக்கெட்டைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கான். வயிறு நிறைஞ்சு தூங்கறான். எழுப்ப மனசு வரல."