இணைப்புச் சாலைக்கு ஒரு கோடு

“இந்தக் கோட்டை எடுத்தா என்ன சார் குடிமுழுகிடும்?”

மேசையில் விரித்திருந்த நகர வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டாள் அவள். திட்டப் பிரிவில் உதவிப் பொறியாளர்.

“இருந்துட்டுப் போகட்டும்மா” என்றார் தலைமைப் பொறியாளர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆபீசில் அவருக்கு ‘உடும்பு’ என்று பேர். பிடித்தால் விடமாட்டார். அடுத்த மாதம் ரிட்டயர் ஆகப் போகிற மனிதர், இப்போதாவது கொஞ்சம் இளகக் கூடாதா?

அது ஒரு இணைப்புச் சாலைக்கான கோடு. ஊருக்கு வெளியே பாதியில் நிற்கிற விரைவுச் சாலையை என்றைக்காவது நீட்டினால், நகரத்திலிருந்து அதற்குப் போக வழி வேண்டுமே என்று அவர் கையாலேயே போட்டது. நீட்டுகிற பேச்சு எப்போதோ அடங்கிவிட்டது. கோடு மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

கோடு போகிற இடத்தில் ஒரு வரிசை வாடகை வீடுகள். சாலைக்கு ஒதுக்கிய இடம் என்பதால் அங்கே புதிதாக ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கிடையாது. வெளியே மழை விட்டாலும் உள்ளே விடாது.

“அந்த வீடுங்களைப் பார்த்திருக்கீங்களா சார்?”

“பார்த்திருக்கேன்.”

“பார்த்துமா இப்படிச் சொல்றீங்க?”

அவர் வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார். அதுதான் பதில்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. போன வாரம்தான் அங்கே போயிருந்தாள். தையல் மெஷினுக்கு மேலே ஒரு குடையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள் ஒரு தையல்காரம்மா.

“ஓனர் தங்கமானவரும்மா. கோடு போச்சுன்னா இடிச்சுட்டுப் புதுசா கட்டி எங்களுக்கே வாடகைக்குத் தர்றேன்னு வாய் நிறையச் சொல்றார். உங்க ஆபீஸ்ல ஒரு படுபாவிதான் குறுக்கே நிக்கிறானாம்.”

“நீங்க வேற இடம் பார்க்கலாமே அக்கா?”

“எங்கம்மா போறது? இந்த வாடகைக்கு எவன் வீடு தருவான்? பொண்ணுக்கு ஸ்கூல் எதிர்லயே இருக்கு. அவ அப்பா போனதும் இந்த வீட்லதான். ஒழுகாம இருந்தா போதும், வேற ஒண்ணும் கேக்கல.”

அந்தப் பேச்சு அவளைத் தூங்கவிடவில்லை. உடும்பை யாரோ நன்றாகக் ‘கவனித்திருக்கிறார்கள்’ என்று ஆபீசில் கிசுகிசுத்தபோது அவளும் நம்பினாள். கோடு இருப்பதில் யாருக்கோ லாபம் இல்லாமலா இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறார்?

அவர் ரிட்டயர் ஆன கையோடு அவள் வேலையைத் தொடங்கினாள். ‘விரைவுச் சாலையை நீட்டும் உத்தேசம் இல்லை’ என்று நெடுஞ்சாலைத் துறையிடம் எழுதி வாங்கினாள். புது அதிகாரி மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார். கோடு போய்விட்டது.

தையல்காரம்மா ஒரு துணிப்பை தைத்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தாள்.

“ஐயோ, இதெல்லாம் வாங்கக் கூடாது அக்கா.”

“லஞ்சம் இல்லம்மா, வெட்டினதுல மிச்சத் துணிதான். நீங்க நல்லா இருக்கணும்.”

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலையில் சேர்ந்ததற்கு இதுதான் பலன் என்று தோன்றியது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் தையல்காரம்மா மறுபடியும் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஓனர் இடத்தை வித்துட்டார்ம்மா. மாடி மாடியா ஏதோ வரப்போகுதாம். காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

“புதுசா கட்டித் தர்றேன்னாரே?”

“சொன்னார். இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறார். கோடு இருந்தவரைக்கும் அந்த இடத்தை ஒரு ஈ காக்கா சீண்டல. இப்ப வரிசை கட்டி வந்து நிக்கிறாங்க.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“நீங்க நல்லதுதான்ம்மா நெனைச்சீங்க, உங்களை ஒண்ணும் சொல்லல” என்ற தையல்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அந்தக் கோட்டை மறுபடி போட முடியாதாம்மா? ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது.”

அன்று சாயங்காலம் அவள் உடும்பின் வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுகை வந்துவிட்டது.

“உட்காருங்கம்மா. கேள்விப்பட்டேன்” என்றார் அவர். “காலையில அந்தப் பக்கம் போயிருந்தேன். சிலபேர் சாமானை வண்டியில ஏத்திக்கிட்டிருந்தாங்க.”

“மறுபடி கோடு போட ஏதாவது வழி இருக்கா சார்?”

“வராதுன்னு எழுத்துல வாங்கிட்டீங்களே. இனிமே யார் நம்புவா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “விரைவுச் சாலை வராதுன்னு உங்களுக்கு எப்பலேருந்து சார் தெரியும்?”

“கோடு போடறப்பவே தெரியும்.”

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“தெரிஞ்சுமா சார், குடியிருக்கிற ஜனங்க தலைமேல கொண்டுபோய்ப் போட்டீங்க?”



“அப்பவே அந்த ஓனர் இடத்தை விக்கறதுக்கு ஆள் பிடிச்சு வச்சிருந்தார்” என்றார். “நிஜமா வரப்போற ரோடா இருந்தா, அவங்க வீட்டு மேல போட்டிருப்பேனாம்மா?”